பைத்தூள்

"பூரணி, இந்தத் துணியப் பாரேன்."

குளிப்பாட்டுவதற்காக ஓடைத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்த மீனம்மா அத்தை குடத்தைச் சாய்த்தபடியே நின்றாள். வெள்ளைத் துணியில் நீலமும் மஞ்சளுமாக, கடுகைவிடச் சிறிய துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"ஒதறிட்டு ஊத்துங்க அத்த," என்றாள் பூரணி.

தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் பெஞ்சின்மேல் அவள் அப்பா சோலைமலையைக் கிடத்தியிருந்தார்கள். இருபத்துமூன்று வருடமாகத் தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர். நேற்றுக் காலை தொட்டியைக் கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பிறகு எழவேயில்லை.

அந்தத் துணுக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று பூரணிக்குத் தெரியும். கந்தப்பளை ரோட்டில், பழைய பிளாஸ்டிக் உரப்பைகளைக் கழுவி அரைத்துக் கொழும்புக்கு அனுப்பும் கொட்டகையில் அவள் இரண்டு வருடமாகக் கிளார்க். கழுவிய தண்ணீர் குழாய் வழியாக ஓடையில்தான் விழுந்தது. அங்கே எல்லாருக்கும் தெரியும்.

போன மாதம் அப்பா அந்தக் கொட்டகைக்கு வந்தார். இடுப்பில் சேறு படிந்த சாரம், கையில் ஒரு சேம்பிலை. இலையை முதலாளி செல்லசாமியின் மேசைமேல் விரித்தார். உள்ளே நான்கைந்து செத்த நண்டுகள்.

"மொதலாளி, ஓடையில நண்டெல்லாம் செத்துக் கெடக்குதுங்க. ஒண்ண ஒடச்சுப் பாத்தேன். வயிறு பூரா ஒங்க பைத்தூளுங்க. கூனி எறாவக் கண்டே ஆறு மாசமாச்சு. கொழாய வேற பக்கம் திருப்பி விட்டீங்கன்னா…"

நாற்றம் அறை முழுவதும் பரவியது. செல்லசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு பூரணியைப் பார்த்தார்.

"யாரும்மா இது? ஒங்க தோட்டமா?"

"எங்க லயத்துப் பக்கம் இருக்கவருங்க." கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க," என்றாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. இலையை மடித்துக்கொண்டார்.

"ஆமாங்க. பக்கத்துலதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று மாலை திட்டுவார் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். "பஸ்ஸு கெடச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ நாள், செய்தது தப்பு என்று சொல்லிவிடலாமென அடுப்படியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

இன்று மதியம் செல்லசாமி மாலையோடு வந்தார். பூரணியின் அப்பா இறந்துவிட்டார் என்று வேலையாட்கள் சொல்லியிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய் மாலையைப் போட்டவர், முகத்தைப் பார்த்ததும் நிமிர மறந்து நின்றார். பிறகு மெதுவாக அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அப்பாதாங்க," என்றாள் பூரணி.

குரல் அவள் நினைத்ததைவிட உரத்து வந்துவிட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இதை ஏன் இவள் சொல்கிறாள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

"அன்னிக்கி…" என்று தொடங்கிய செல்லசாமி பின்வாங்கினார். சப்பாத்தை மாட்டாமல் கையிலெடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் ஏறினார்கள். வீடு கழுவத் தண்ணீர் வேண்டியிருந்தது. பூரணி வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள்.

வாளியைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிக் குனிந்தாள். ஒரு கல்லைப் புரட்டினாள். அடுத்த கல்லை. அதற்கடுத்ததை. கலங்கிய மண் அடங்கும்வரை ஒவ்வொன்றின் அடியிலும் உயிருள்ள நண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கல்லை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே திருப்பி வைத்தாள்.

மேலேயிருந்து மீனம்மா அத்தை கூப்பிடும் சத்தம் கேட்டது. வாளி இன்னும் காலியாகவே இருந்தது.