புரோலினுக்கு எதிரே நீலம்

ஆய்வக நோட்டின் பதினான்காவது வரியில் தன் கையாலேயே ‘நீலம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் தேவப்பிரியம் நோட்டைக் கிட்டே இழுத்தாள். அந்த வரி புரோலினுடையது. மற்ற அமினோ அமிலங்களுக்கு நீலம் வரும். புரோலினுக்கு ஜென்மத்துக்கும் வராது.

கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பீக்கர்கள் நடுங்கும் அந்தத் திருவொற்றியூர் ஆய்வகத்தில் வேலை இதுதான்: ரெசின் மணிகள்மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, ஊசி மருந்துக்கான பெப்டைடு சங்கிலி செய்வது. இடையிடையே நாலைந்து மணியை எடுத்து நின்ஹைட்ரின் கரைசல் விட்டுச் சூடு காட்ட வேண்டும். நீலம் வந்தால் நுனி காலியாக இருக்கிறது. அடுத்ததைக் கோத்தபின் நீலம் வராவிட்டால் ஒட்டிவிட்டது. நுனியில் புரோலின் இருந்தால் மட்டும் இந்தச் சோதனை கையை விரித்துவிடும்; அடுத்தது ஒட்டாமல் போனாலும் நீலம் வராது. அதற்கென்று வேறு சோதனை உண்டு.

அதை அவள் செய்யவில்லை. ஈரக் கையுறையோடு யார் பேனா பிடிப்பது என்று, காலையிலேயே அன்றைய வரிகளிலெல்லாம் ‘நீலம்’ எழுதிவைத்துவிடுவது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்! ஊரோடு ஒத்து வாழ் என்று அவளும் எழுதினாள். பதினைந்தாவதைக் கோத்தபின் சோதனைக் குழாயில் நீலம் இல்லை. ஒட்டிவிட்டது என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். இப்போது கோக்க வேண்டிய இருபத்தெட்டும் முடிந்தாயிற்று. மதியம் அமிலம் ஊற்றிச் சங்கிலியை மணியிலிருந்து பிரிக்க வேண்டும். இந்தப் பேட்ச் தேறினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். பதினைந்தாவது இல்லாத சங்கிலி உள்ளே எத்தனை கிடக்கிறதோ, மாதாவுக்கே வெளிச்சம்.

இதே மருந்தின் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். மூன்று நோட்டு. மூன்றிலும் புரோலினுக்கு எதிரே நீலம். மூன்றும் நெல்சனின் கையெழுத்து.

“இன்னா தேவா, மூஞ்சி பேயறஞ்ச மாரி கீது?” என்றபடி நெல்சனே வந்தார். ஆய்வகப் பொறுப்பாளர், ராயபுரத்தில் அவள் தெருக்காரர். இந்த வேலைக்குச் சொல்லிவிட்டவரும் அவர்தான்.

அவள் நோட்டுகளை அவர் பக்கம் திருப்பினாள். “புரோலினுக்கு நீலம் வராதுண்ணே.”

நெல்சன் வெகுநேரம் படித்தார். “மூணும் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேந்துச்சு. இப்போ இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு? கடசீல கெட்டத சலிச்சித்தான எடுக்கறாங்க?”

“ஒண்ணே ஒண்ணு கம்மியான சங்கிலி, சலிச்சாலும் கூடவே வந்துரும்ணே.”

“பர்மனென்ட் ஆவப் போற பொண்ணு. பேசாம வேலயப் பாரு.”

காலையிலிருந்து அவள் வேலை போய்விடுமே என்றுதான் பயந்தாள். இப்போது அந்த மூன்று பேட்ச்சும் யார் யார் உடம்பில் ஏறியதோ என்ற பயம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தன் நோட்டில் ‘நீலம்’ மேல் ஒரே கோடு இழுத்தாள். பக்கத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பழைய நோட்டுகளைக் காட்டிப் பேனாவை நெல்சனிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். மூடியைப் போட்டுத் தன் சட்டைப்பையில் செருகினார். பழைய நோட்டு மூன்றையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

அவளுடைய நோட்டு மட்டும் மேஜைமேல் திறந்து கிடந்தது.