இரண்டு வருஷத்து மதர்போர்டு

1

இந்தக் கதை ஒரு கொட்டேஷன் தாளிலிருந்து வந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையின் தாள். மேல் மூலையில் நீல மையில் ‘2 வருஷம்’ என்று இருக்கிறது. எழுதியவர் கடைக்காரர். சொன்னது நான்.

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘மதர்போர்டு என்பது ஒரு கணினியின்’ (பாடப்புத்தகம். விட்டுவிட்டேன்.)

‘தர்ஷினிக்கு ஒரே ஒரு தம்பி’ (தர்ஷினி என்று யாரும் இல்லை. நான்தான். பெயரை மாற்றினால் எழுத எளிதாக இருக்கும் என்று நினைத்தேன்.)

‘பூபதிக்கு இருபது வயது. அவனுக்கு’

மூன்றாவதை முடித்துத்தான் ஆக வேண்டும். அவனுக்குத் தசைச்சிதைவு நோய்.

2

பத்து வயதில் நடை போனது. இப்போது விரல்கள் மிச்சம். அவற்றை வைத்துப் பழைய லேப்டாப்பில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறான். அவன் அணியில் நாலு பேர், நாலு தேசம். அவன் சக்கர நாற்காலியில் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. லேப்டாப் திணறி அவன் செத்துப்போனால் (விளையாட்டில்) ஆங்கிலத்தில் திட்டுவார்கள். அந்தத் திட்டு அவனுக்குப் பிடிக்கும்.

(அந்த அடைப்புக்குறியைப் போடாமல் என்னால் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியவில்லை.)

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கலாம் என்று வீட்டில் முடிவானது. ரேம், கேபினெட், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அவனே தேர்ந்தெடுத்துவிட்டான். ப்ராசசரையும் மதர்போர்டையும் மட்டும் விட்டுவைத்தான். போர்டில் ப்ராசசர் உட்காரும் சாக்கெட் இரண்டு வகை. ஒன்று பழையது; அதற்கு இனிப் புது ப்ராசசர் வராது, அதோடு அதன் வாழ்க்கை முடிந்தது. இன்னொன்று புதியது, சில வருஷம் கழித்து ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

“நீ ஃபிசிக்ஸ் படிச்சவதான? நீயே பாத்து சொல்லிட்டு வா” என்றான்.

3

கடைக்காரர் நாராயணப்பனுக்கு ஒரு வழக்கம். யார் போனாலும் வருஷம் கேட்பார். அதை மேல் மூலையில் எழுதிய பிறகுதான் மற்றதெல்லாம்.

“மொதல்ல போர்டும்மா. ஜாதகம் பாக்கற மாதிரி. பொருத்தம் இல்லன்னா எதுவும் உக்காராது” என்றார். “எத்தன வருஷம் ஓட்டுவீங்க? எல்லாரும் பத்துன்னுவாங்க. மூணாவது வருஷமே புதுசு கேட்டு வந்து நிப்பாங்க.”

பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கடைகளில் எனக்குப் பேச்சு வராது. அன்று வந்துவிட்டது.

“ரெண்டு.”

(ஜனவரியில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: பூபதிக்கு இன்னும் இரண்டிலிருந்து ஐந்து வருஷம். அம்மா அப்பாவிடம் நான் சொல்லவில்லை. எனக்கு சூளகிரியில் ஒரு கம்பெனியில், வந்து இறங்கும் பாகங்களைச் சோதிக்கும் வேலை. ஒரு பாகம் இரண்டும் தாங்கும், ஐந்தும் தாங்கும் என்றால் இரண்டு என்றுதான் எழுதுவோம். மூன்று வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். கை பழகிவிட்டது. வாயும் பழகியிருப்பது அன்றுதான் தெரிந்தது.)

“ரெண்டுதானா? அப்ப பழைய சாக்கெட்டே போதும்மா. ஜம்முனு ஓடும். எதுக்கு வீணா புதுசு?”

தலையாட்டினேன்.

4

தாளைப் பூபதியின் மடியில் வைத்தேன்.

“இது என்னாக்கா, ரெண்டு வருஷம்?”

“கேரண்டியா இருக்கும்.”

“கேரண்டி மூணு வருஷம். கீழ அவரே போட்டிருக்காரு பாரு.”

சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

“அக்கா. டாக்டரு ரெண்டுலருந்து அஞ்சுன்னுதான சொன்னாரு?”

(இங்கே என் முகத்தைப் பற்றி ஒரு வரி வர வேண்டும். நான் பார்க்கவில்லை. பார்த்தவன் அவன்.)

“உனக்கு யார்றா சொன்னா?”

“கதவ சாத்தல நீ. இங்கிலீஷ்ல சொன்னா புரியாதுன்னு நெனச்சியா? நாள் பூரா இங்கிலீஷ்லதான திட்டு வாங்கறேன்.”

அவனே சிரித்தான். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அஞ்சுன்னு சொல்லியிருக்கலாம்ல. கடைக்காரர்கிட்டயாவது.”

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அவன் 2-ஐ அடித்துவிட்டு 10 என்று எழுதுகிறான். (பேனா பிடிக்க அவனால் முடியாது. பொய்.)

நான் அழுது மன்னிப்புக் கேட்கிறேன். (கேட்கவில்லை. சோறு ஊட்டினேன். சாப்பிட்டான்.)

ஐந்து வருஷம் கழித்து அவன் புது ப்ராசசர் மாற்றுகிறான். (மூன்று வரி எழுதினேன். அதில் அவனுடைய கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.)

இன்னொன்று. இந்தப் பூபதி மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கேபினெட்டுக்குள் வைக்கும் ஒரு ஃபேனுக்கே ஒரு வாரம் படிப்பவன் மதர்போர்டை ஏன் என்னிடம் விட்டான்? நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று பார்க்கவா? அப்படியானால் இது அவன் எழுதிய கதை. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான்.

இப்போது புதியதை வாங்கினால் அது பரிதாபம் என்று அவனுக்குத் தெரியும். பழையதை வாங்கினால் அது தீர்ப்பு. மூன்றாவது போர்டு பட்டியலில் இல்லை.

6

இன்று காலை, அவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். என் ஃபோன் அவன் மடியில் இருந்தது. அடித்தது. அவனே விரலால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“நாராயணப்பன் பேசறேம்மா, கம்ப்யூட்டர் கடை. பெங்களூருக்கு நம்ம வண்டி கெளம்புது. எந்த போர்டு எடுத்துட்டு வரச் சொல்லட்டும்? ரெண்டு வருஷம்னீங்களே, அதேவா?”

பூபதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனால் அவ்வளவு திரும்ப முடியாது. திரும்ப முடிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சொன்ன பதில் எனக்குத் தெரியும். அது சரிதானா என்று தெரியவில்லை. அதனால் அதை இங்கே எழுதப்போவதில்லை. என் இடத்துக்கு நீங்கள் வாருங்கள். நாற்காலிக்குப் பின்னால், சீப்பைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

“அலோ? கேக்குதாம்மா?”

சொல்லுங்கள். பூபதி கேட்டுக்கொண்டிருக்கிறான்.