ராஜா காத்திருப்பார்

கஜபதியின் தலையில் ஒரு ராஜ்ஜியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு வந்து விழுந்தது 1997 ஆகஸ்டில், ஆவடி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த கிறிஸ்துராஜின் கம்ப்யூட்டர் சென்டரில். அதுவரை அவன் எந்தப் பொறுப்பையும் தேடிப் போனவன் இல்லை. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் பன்னிரண்டு வருடமாக எழுத்தர். தேடி வருகிற பொறுப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளுவதில் அந்தப் பிரிவில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கிறிஸ்துராஜின் சென்டர் போன வருடம் வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்தது. இரண்டு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டுப் பெயர்ப் பலகையை மட்டும் மாற்றியிருந்தார். ஒன்றில் மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுப்பார். இன்னொன்றை விளையாட வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். அதில் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு சிடி ஓடிக்கொண்டிருந்தது. அந்த சிடிக்குள் ஒரு முழு தேசம் இருந்தது. காடு, மலை, கோட்டை, கடைத்தெரு, கொள்ளைக்காரன், பறக்கிற பாம்பு என்று எதற்கும் குறைவில்லை. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று அட்டையில் அச்சடித்திருந்தது.

கஜபதியை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் அருள்தாஸ். பக்கத்து மேஜைக்காரன். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கஜபதிக்கு அருள்தாஸ் ஆறு நாள் ஜூனியர். இந்த ஆறு நாளை கஜபதி மறந்து பல வருடம் ஆயிற்று. அருள்தாஸ் மறக்கவில்லை.

விளையாட்டு முதலில் பெயர் கேட்டது. சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறபடி இனிஷியலோடு அடித்தான் கஜபதி. அடுத்து வரிசையாக முகங்களைக் காட்டிப் பொறுக்கச் சொன்னது. மாப்பிள்ளை பார்க்கிறவன் மாதிரி முக்கால் மணி நேரம் அலசி, அகலத் தாடையும் அடர்ந்த மீசையுமாக ஒரு முகத்தைப் பிடித்தான். உள்ளே போனதும் தெரிந்தது, இனி கடைசி வரை பார்க்கப்போவது அந்த ஆளின் முதுகைத்தான் என்று. அதற்கடுத்து என்ன தொழில் என்று கேட்டது. போர்வீரன், மந்திரவாதி, திருடன்.

"திருடன் எடு மச்சான். அவனுக்குத்தான் எல்லாக் கதவும் தொறக்கும்" என்றான் அருள்தாஸ்.

"விஜிலென்ஸ்காரன் வந்து நின்னா யாரு பதில் சொல்றது?" என்று கஜபதி போர்வீரனை எடுத்துக்கொண்டான்.

எடுத்த எடுப்பில் ராஜா. கட்டிலில் படுத்தபடி இருமிக்கொண்டே ஆங்கிலத்தில் பேசினார். என் மகனை எதிரிகள் தூக்கிப் போய்விட்டார்கள், வடக்குக் கோட்டையில் அடைத்திருக்கிறார்கள், இந்தக் கணமே புறப்படு, ஒரு நாள் தாமதித்தாலும் தேசம் சாம்பலாகிவிடும். கஜபதி அவரை முழுதாகப் பேசக்கூட விடவில்லை. கதவைத் தாண்டி வடக்கு வாசல் வழியாக ஓடினான். வாசலுக்கு வெளியே ஒரு ஓநாய் நின்றிருந்தது. அது அவனைக் கொன்றது. மறுபடி ஓடினான், மறுபடி கொன்றது. மூன்றாவது தடவை ஓநாய் இருந்த இடத்தைவிட்டு நகரக்கூட இல்லை. இவனே போய் அதன் வாயில் விழுந்தான்.

அருள்தாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா மச்சான், ராஜா சொன்னாருன்னு தலதெறிக்க ஓடிகினு கீற. நீயெல்லாம் கவர்மென்ட் வேலதானே பாக்குற?"

பிறகு விளக்கினான். "வடக்கால போவாத. உனுக்கு இப்போ அந்த ஓநாயே ஜாஸ்தி. ஊர சுத்து. கண்ல பட்றவன்கிட்டல்லாம் பேச்சு குடு. ஆளுக்கு ஒரு எடுபிடி வேல சொல்லுவான். அத்த செஞ்சிகினே இருந்தா நீ தேறிடுவ. ராஜா எங்கியும் போவ மாட்டாரு. நீ போற வரைக்கும் அந்தப் புள்ளையும் சாவாது, ஊரும் எரியாது. ஒரு வருசம் கழிச்சுப் போனாலும் அதே கட்டில்ல பட்த்துகினு அதே வசனத்தத்தான் சொல்லுவாரு."

கஜபதிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது அவனுடைய ஆபீஸ். 'மிக மிக அவசரம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் சிவப்பு முத்திரை குத்தி அவன் மேஜைக்குத் தினம் நாலு கடிதம் வரும். வந்ததும் மேஜைமேல் இருக்கும் காகிதக் கட்டின் அடியில் போகும். முதல் ரிமைண்டர் வந்தால் நடுக்கட்டுக்கு ஏறும். இரண்டாவது ரிமைண்டருக்கு உறையைக் கிழிப்பான். மூன்றாவது ரிமைண்டர் அதிகாரி கையெழுத்தோடு வந்தால் பதில் எழுதுவான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கூரையும் இடிந்து விழவில்லை. நிஜமான அவசரம் என்றால் எவனாவது மாடியிலிருந்து இறங்கி வந்து கத்துவான் என்பது ஸ்டோர்ஸ் பிரிவின் எழுதாத சட்டம்.

இப்படிப்பட்ட விளையாட்டுக்கென்றே பிறந்தவர்கள் நம் அரசு ஊழியர்கள். திருமழிசையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ராஜா சொன்ன நிமிடமே வடக்கே ஓடி, பதினேழு முறை செத்து, சிடியில் கோளாறு என்று கிறிஸ்துராஜிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார். கேட்ட தேதிக்குச் சரக்கைக் கொடுத்தே பழகிப்போன மனிதர், பாவம்.

கஜபதியோ இரண்டே வாரத்தில் அந்த ஊர்க்காரனாகிவிட்டான். கொல்லனிடம் போனால் பூசாரியிடம் போகச் சொன்னான், பூசாரி கடைக்காரனிடம் அனுப்பினான், கடைக்காரன் மறுபடி கொல்லனிடம் அனுப்பினான். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் வெறுத்துப்போய் எழுந்துவிடுவார்கள் என்றார் கிறிஸ்துராஜ். கஜபதிக்கு இது தினசரி நடப்பு. எவன் வீட்டுக் கதவையும் தட்டாமல் உள்ளே போகலாம், வீட்டுக்காரன் எதிரிலேயே பானையைத் துழாவலாம் என்று தெரிந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினான். தட்டு, மெழுகுவர்த்தி, கிழிந்த செருப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பூன். ஒரு நாள் அவனுடைய வீரன் நடுத்தெருவில் அசையாமல் நின்றுவிட்டான். சுமை தாங்கவில்லை.

"பாதிய கீழ போடு" என்றான் அருள்தாஸ்.

கஜபதிக்கு மனசு வரவில்லை. அன்று மாலை முழுவதும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். ஆவடியில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாததால், தும்மினால் ஒரு தடவை, இருமினால் ஒரு தடவை சேவ் பண்ணிக்கொண்டான்.

வீட்டில் வனஜா காத்திருந்தாள். வீடு என்றால் நசரத்பேட்டையில் ஆறு குடித்தனத்துக்கு நடுவே ஒரே அறை. ஆறு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே அடிபம்பு. போன ஐப்பசியில் குடத்தோடு வழுக்கி விழுந்ததில் அவளுக்கு வலது மணிக்கட்டு உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. அதிலிருந்து இடது கையால்தான் பம்பு அடிக்கிறாள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் சமையலறைக்குள்ளேயே குழாய் உண்டு. கஜபதி விண்ணப்பம் போட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த சீனியாரிட்டி பட்டியலில் அந்த ஆகஸ்டில் அவன் பெயர் முதலாவதாக நின்றது. இரண்டாவது பெயர் அருள்தாஸ். வீடு காலியானால் கடிதம் வரும். ஏழு நாளைக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போகும், கொடுக்காதவன் பெயர் ஒரு வருடத்துக்குப் பட்டியலிலேயே இருக்காது.

"லெட்டர் வந்துச்சாங்க?" என்று தினமும் கேட்பாள் வனஜா. சமையலறையில் எந்தப் பக்கம் அலமாரி வைப்பது என்பதுவரை தீர்மானித்து வைத்திருந்தாள்.

"வரும் வரும்" என்பான் கஜபதி.

கடிதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. தபால் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு மற்ற ஐந்து உறைகளோடு சேர்த்து வாங்கிக்கொண்டான். நீளமான பழுப்பு உறை. 'மிக மிக அவசரம்' என்ற சிவப்பு முத்திரை. அவன் பெயர் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் இந்திப் பரீட்சை சுற்றறிக்கையும் குடும்ப விவரப் படிவமும்கூடப் பெயர் போட்டுத்தான் வரும். கஜபதி உறையைப் பிரிக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு வழக்கம்போல அடியில் செருகினான்.

"இன்னா மச்சான் அந்தக் கவுரு? செவப்பு சீலு குத்தி கீதே" என்றான் பக்கத்து மேஜையிலிருந்து அருள்தாஸ்.

"எல்லாம் வழக்கமா வர்றதுதான். ரிமைண்டர் வரட்டும், பாத்துக்கலாம்."

அருள்தாஸின் பேனா நின்றது. அந்த உறை எந்த ஆபீஸிலிருந்து வருகிற உறை என்று அவனுக்குத் தெரியும். அப்படி ஒன்றுக்காக அவனும் ஒன்பது வருடமாகக் காத்திருந்தான். கொஞ்ச நேரம் உறையின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியையே பார்த்தான். பிறகு எழுதத் தொடங்கினான்.

"அதுவும் கரெக்ட்டுதான் மச்சான். ராஜாவே காத்துகினு கீறாரு" என்றான்.

அன்று மாலை அவனே கஜபதியைத் தள்ளிக்கொண்டு சென்டருக்குப் போனான். ஊர்க்கோடியில் ரொட்டி சுடுகிற ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய ஆடு காணாமல் போயிருக்கிறது, தேடிக் கொடுத்தால் பெரிய பரிசு என்று ஆசை காட்டினான். கஜபதி ஆட்டைத் தேடப் போனான். செவ்வாய்க்கிழமை காட்டில் தேடினான். புதன் சதுப்பு நிலத்தில். வியாழன் ஒரு குகைக்குள் புகுந்து நாலு எலும்புக்கூட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தான். ஒவ்வொரு மாலையும் வனஜா கேட்டாள். ஒவ்வொரு மாலையும் அவன் வரும் என்றான். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடு கிடைத்தது. ரொட்டிக்காரியின் கொல்லையிலேயே நின்றிருந்தது. பரிசாக அவள் ஒரு ரொட்டி கொடுத்தாள். கஜபதி சந்தோஷமாக சேவ் பண்ணிவிட்டு எழுந்தான்.

செவ்வாய்க்கிழமை நோட்டீஸ் போர்டில் புதிய தாள் ஒட்டியிருந்தது. காலியான வீட்டுக்கு எதிரே அருள்தாஸ் பெயர். கஜபதி சாப்பாட்டு டப்பாவைக்கூட வைக்காமல், வீடு ஒதுக்குகிற எஸ்டேட் ஆபீஸுக்கு ஓடினான்.

"உங்களுக்குத்தான் சார் மொதல்ல அனுப்புனோம். பாருங்க, வாங்கினதுக்குக் கையெழுத்து" என்று தபால் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார் அங்கிருந்த குமாஸ்தா.

"ரிமைண்டர் வரலியே சார்" என்றான் கஜபதி.

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "குவார்ட்டர்ஸுக்கு யாரு சார் ரிமைண்டர் அனுப்புவாங்க? உங்க பின்னால நூத்திச்சொச்சம் பேரு நிக்கிறாங்களே."

மேஜைக்குத் திரும்பிக் கட்டின் அடியைத் துழாவினான். உறை அங்கேயே இருந்தது. இப்போது பிரித்தான். உள்ளே போட்டிருந்த வீட்டு எண்ணும் போர்டில் போட்டிருந்த எண்ணும் ஒன்றுதான்.

"இது இன்னா கவருன்னு உனுக்கு அன்னிக்கே தெரியும்" என்றான் அருள்தாஸிடம்.

"கவுரு உன்னுது மச்சான். மேல உன் பேருதான் கீது. பிரிக்காதன்னு நான் சொன்னனா?" என்றான் அருள்தாஸ். அவன் முகத்தில் வெட்கமும் இல்லை, பகையும் இல்லை. "ஞாயித்துக்கெழம ஃபாதர் வந்து ஊட்ட மந்திரிக்கிறாரு. தங்கச்சிய இட்டுகினு அவசியம் வந்துடு."

வனஜாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அவள் கத்தவில்லை. "பிரிச்சுகூடப் பாக்கலியா நீங்க?" என்று மட்டும் கேட்டாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பம்பு அடிக்கிற சத்தம் வழக்கத்தைவிட வெகுநேரம் கேட்டது. கஜபதி உள்ளேயே உட்கார்ந்திருந்தான். தன்மேல் அவனுக்கு வந்த அருவருப்பு அதற்குமுன் வேறு யார்மேலும் வந்ததில்லை.

சனிக்கிழமை அவளே அவனை ஆவடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேலதிகாரிக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும், உடைந்த கையைச் சொல்லி மறுபடி பெயரைச் சேர்க்கக் கேட்க வேண்டும் என்றாள். கிறிஸ்துராஜ் அடித்துக் கொடுத்தார். பிரின்டர் முனகி முனகித் தாளைத் துப்பியது.

"மேல மிக மிக அவசரம்னு போடுங்கண்ணா. செவப்புல" என்றாள் வனஜா.

கிறிஸ்துராஜிடம் பழைய இன்ஸ்டிட்யூட் நாளைய 'மிக மிக அவசரம்' ரப்பர் முத்திரை இருந்தது. வனஜா அதை வாங்கி இடது கையால் தாளின் தலையில் அழுத்தினாள். பதிவு சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தினாள். அந்தத் தாள் யார் மேஜைக்குப் போகும், எந்தக் கட்டில் எத்தனை மாதம் கிடக்கும் என்று அந்த அறையில் கஜபதி ஒருவனுக்குத்தான் தெரியும்.

மை காயட்டும் என்று வனஜா மனுவை மேஜைமேல் பரப்பினாள். பிறகு அடுத்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "இதுலதான் உக்காந்துகினு இருந்தீங்களா? போட்டுக் காட்டுங்க."

போட்டான். ரொட்டிக்காரி கொல்லையில், ஆட்டின் பக்கத்தில், வீரன் முதுகைக் காட்டி நின்றான்.

"முதுகுல இன்னா மூட்ட?"

"ஸ்பூனு."

"எத்தினி?"

"நாப்பத்தொண்ணு."

ஆட்டின் முன்னால் அவளோடு நிற்க முடியாமல் கஜபதி வீரனை நகர்த்தினான். போக வேறு இடம் தோன்றாததால், நாற்பத்தொரு ஸ்பூனையும் சுமந்துகொண்டு மெள்ள மெள்ள அரண்மனைக்கே போனான். ராஜா அதே கட்டிலில் படுத்திருந்தார். அதே இருமலோடு தலையைத் தூக்கிப் பேசினார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் வனஜா.

கஜபதி திரையைப் படித்தான். "நல்லவேள வந்துட்டியே, இன்னும் நேரம் கடந்து போவலன்னு சொல்றாரு."

வனஜா ராஜாவைச் சற்று நேரம் பார்த்தாள். மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்து மனுவை மடித்தாள்.

"அவர்கிட்டயே கேளுங்க" என்றாள். "அங்க குவார்ட்டர்ஸ் தருவாங்களான்னு."