ஐந்து கோட்டுப் பிடி

சாமைக் காட்டில் களை வெட்டிய பெண்கள் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது கொத்துகளை ஒரே இடத்தில் போட்டிருந்தார்கள். பெருமாயியின் கண்ணில் பட்டது மயிலம்மாளின் களைக்கொத்துதான். புதுப் பிடி. அதில் ஐந்து கோடுகள், நெருப்பில் சுட்டவை, கருகருவென்று சுற்றி ஓடின. அப்படிச் சுட அந்த மலையில், குண்டூர் நாட்டில், ஒரே ஆள்தான் உண்டு. அந்த ஆள் பெருமாயியின் புருஷன் சின்னராசு.

தன் கொத்தைப் பார்த்தாள். பேருக்குக்கூட ஒரு கோடு இல்லை.

மயிலம்மாள் யாரோ ஒருத்தி என்றால் போகட்டும். சின்னராசுவின் தாய்மாமன் மகள். அவளைத்தான் அவனுக்குக் கட்டுவதாக இருந்தது. பேச்சு முறிந்து, அவள் ராசப்பனைக் கட்டினாள். அந்தப் பேச்சு முழுசாக முறிந்ததா என்று பெருமாயிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே சந்தேகம். அன்று கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

உலகச் சண்டை நடந்த காலம், மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் கிடைக்குமா என்று பார்க்கச் சின்னராசு செம்மேட்டுக்குப் போயிருந்தான். அவன் வேலையை அவள் பார்த்திருக்கிறாள். ஈர நாரை இடைவெளி விட்டு இறுக்கிச் சுற்றி, தணலின் மேல் மெல்ல உருட்டுவான். நார் இருந்த இடம் வெளுப்பாக நிற்கும், இடைவெளி கறுக்கும். இது என்ன பெரிய வித்தை என்று அவளும் தன் பிடியில் நார் சுற்றினாள். மயிலம்மாளுக்கு ஐந்து என்றால் தனக்கு ஏழு. ஆத்திரத்தோடு அடுப்பில் செருகியவள் எடுக்க மறந்தாள். பிடியின் கழுத்து கரியாகிப் போயிருந்தது. எண்ணெய் தடவிப் பார்த்தபோது அதுவும் அழகாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காட்டில் ஒரு வேரைக் கொத்தியதுமே பிடி படக்கென்று முறிந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மயிலம்மாள் மட்டும் சிரிக்காமல் முறிந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, இத்தன நல்ல வேங்கைக் கட்டைய எதுக்குங்க சுட்டீங்க? நான் குடுத்த கொய்யாக் கட்டை வண்டு அரிச்சதுங்க. ஓட்டை தெரியக் கூடாதுன்னுதான் மச்சான் கோடு போட்டாரு.”

சொல்லிவிட்டுத் தன் பிடியைக் காட்டினாள். மேலே இருந்த மூன்று கோடுகளிலும் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள். பழுதில்லாத கட்டை பெருமாயிக்குப் போய்விட்டதே என்று தானும் உள்ளுக்குள் புகைந்ததாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் பெருமாயிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிடி போனால் போகிறது.

செம்மேட்டிலிருந்து திரும்பிய சின்னராசு கருகிய கழுத்தைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டான். அந்த வாரமே புதுப் பிடி போட்டுக் கொடுத்தான். நல்ல வேங்கை. ஆனால் நடுவில் ஒரு கோடு. பெருமாயியின் முகம் சுண்டியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை.

“இதும் வண்டு அரிச்ச கட்டைதானுங்களா?”

“வண்டுமில்ல, ஒண்ணுமில்ல புள்ள. நீ ஆசப்பட்டயேன்னு போட்டேன்.”

அவள் முகம் மலர்ந்தது. கோட்டை ஒருமுறை தடவிப் பார்த்தாள். தடவிய விரல் பாதியில் நின்றது.

“ஏனுங்க, மயிலு பிடியில மூணு கோட்டுலதான் ஓட்டை இருந்துச்சு. மிச்சம் ரெண்டும் யாரு ஆசைக்குங்க?”

சின்னராசு மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து வெளியே போனான்.