பெட்டிக்குள் இரண்டு பேர்

போர்வை அண்ணையை ஐஸ் பெட்டிக்குள் போட்டு ஆணி அடித்தது யார் என்பது பற்றி எங்கள் வீட்டிலிருந்த நான்கு பேருக்கும் நான்கு அபிப்பிராயம் இருந்தது. அவருடைய உண்மையான பெயர் எங்களுக்குத் தெரியாது. முகமூடி போட்டிருப்பார், முதுகில் ஒரு போர்வை பறக்கும், கூரைக்குக் கூரை பாய்வார். இருபது வருஷத்துக்கு முதல் அமெரிக்காவில் எடுத்த தொலைக்காட்சித் தொடர். அதைப் பிரெஞ்சில் பேசவைத்து மொன்றியலில் பின்னேரம் நாலு மணிக்குப் போட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு களவைத் துப்புத்துலக்குவது லேசுப்பட்ட காரியமா?

தொலைக்காட்சிப் பெட்டியும் எங்களுடைய அந்தஸ்துக்கு ஏற்றதுதான். ஜூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறும். கட்டில், கதிரை, அலுமாரி எல்லாம் தெருவோரம் கிடக்கும். அப்படிக் கிடந்ததை எங்களில் ஒருவனான சிவநேசம், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீடு வரை தோளில் சுமந்து வந்தான். கோட்டுக் கொழுவியை வளைத்து அன்ரெனா ஆக்கினோம். ஒரேயொரு சனல் தெரிந்தது. அதுவும் கறுப்பு வெள்ளை.

மொழிபெயர்ப்பு ஞானேந்திரன். காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறவன் என்பதால் அந்தப் பதவி தானாகவே அவனுக்குக் கிடைத்தது. அவனுடைய மொழிபெயர்ப்பில் நகரபிதா ஒருநாள் கள்ளனாக இருப்பார், அடுத்த நாள் கள்ளனின் தகப்பனாக இருப்பார். கேட்டால், “அண்ணை, அவங்கள் அப்பிடித்தான் கதைக்கிறாங்கள்” என்பான். அவன் பாதியைத் தன் தலைக்குள்ளிருந்து எடுத்து விடுகிறான் என்று எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். ஆனால் எதிர்த்துச் சொல்ல எனக்கும் மொழி வேண்டுமே.

நான்காவது ஆள் கனகசிங்கம். நாங்கள் மூன்று பேரும் யாழ்ப்பாணம், அவன் மட்டக்களப்பு. உணவுக்கடையில் கோப்பை கழுவினான். ஊரில் மனைவி மனோகரியும் ஒரு பெண்பிள்ளையும் இருந்தார்கள். அவனுடைய அகதி விசாரணை அந்த வாரம் வியாழக்கிழமை. கேஸ் சரிவந்தால் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடலாம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். வேறு எதைப்பற்றிக் கதைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பான்.

அவன் தப்பி வந்த கதை எங்களுக்கு மனப்பாடம். ஆமிக்காரர் அவனைப் பேர் சொல்லித் தேடியிருக்கிறார்கள். மனோகரியின் தம்பி யோகராசாவையும் தேடியிருக்கிறார்கள். கொழும்புக்குப் போகும் மீன் லொறியில், ஐஸும் மரத்தூளும் போட்ட பெரிய மரப்பெட்டிக்குள் இரண்டு பேரும் படுத்தார்கள். மேலே பலகை, பலகைக்கு மேலே மீன். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் லொறியை மறித்து வைத்துவிட்டார்கள். உள்ளே மூச்சு முட்டியது. கனகசிங்கம் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, அதன் பக்கிளால் பலகையைக் குடைந்து ஒரு ஓட்டை போட்டான். கொழும்பில் இறங்கியதும் யோகராசா களவாக ஆள் அனுப்பும் வேறு ஏஜென்சியோடு ஜேர்மனிக்குப் போய்விட்டான், இவன் இங்கே வந்தான். இதை அவன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். கேட்க நல்லாயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை போர்வை அண்ணை ஒரு துறைமுகத்துக்குப் போனார். அங்கே எதுவோ களவு போயிருந்தது. ஞானேந்திரன் முதலில் வைரம் என்றான், பிறகு மணிக்கூடு என்றான். குளிர்க்களஞ்சியத்துக்குள் யாரோ பின்னாலிருந்து மண்டையில் அடித்தார்கள். அண்ணையையும் அவருடைய கூட்டாளியையும் மீன் பெட்டிக்குள் போட்டு, ஐஸைக் கொட்டி, மூடி ஆணி அடித்து லொறியில் ஏற்றினார்கள். அத்தோடு மிச்சம் நாளைக்கு என்று நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிக் கனகசிங்கத்தைப் பார்த்தோம். அவன் வாயைத் திறந்தபடி இருந்தான்.

புதன்கிழமை யாரும் வேலைக்குப் போகவில்லை. நான் வேலைசெய்த சென்ட் லோரன்ட் தொழிற்சாலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றேன். சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது. நாலு மணிக்குப் பெட்டிக்குள் போர்வை அண்ணை கண் விழித்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றினார்.

“ஐயோ!” என்று சிவநேசம் எழும்பிவிட்டான். “பக்கிள்! பக்கிள்!”

பக்கிளேதான். ஓட்டை போட்டார், மூச்சு விட்டார், பலகையை உதைத்தார். அண்ணையும் கூட்டாளியும் வெளியே பாய்ந்து ஐந்தாறு பேரை அடித்து விழுத்தினார்கள். களவெடுத்தது யார் என்பதைக் கவனிக்க எங்களில் ஒருவருக்கும் புத்தி இருக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது தெரியாது.

“துலைஞ்சுது கேஸ்,” என்றான் சிவநேசம்.

சிவநேசத்தின் கேஸ் போன வருஷம் சரிவந்தது. அன்றிலிருந்து அவன் கேஸ் நிபுணன். ஒருவனுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டினால் அவன் டொக்டர் ஆகிவிடுவானா? ஆனால் அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

“இந்த நாட்டிலை பிறந்ததுகள் எல்லாம் சின்னனிலை இதைப் பாத்துத்தான் வளந்ததுகள். நாளைக்கு உன்னை விசாரிக்கிற ஒஃபிசரும் பாத்திருப்பார். நீ போய் பெட்டி, பக்கிள் எண்டு சொன்னியெண்டால் சிரிச்சுப்போட்டு உன்னைப் பிளேனிலை ஏத்திவிடுவினம்.”

“ஆனா அது எனக்கு நடந்தது,” என்றான் கனகசிங்கம்.

“நடந்தது எண்டு உனக்குத் தெரியும். அவைக்குத் தெரியுமோ?”

ஞானேந்திரன் சந்தேகமாகப் பார்த்தான். “அண்ணை, உண்மையாச் சொல்லுங்கோ. நீங்கள் இதை முந்தி எங்கையும் பாக்கேல்லையோ?”

“நான் எங்க பாக்கிற? எங்கட ஊர்ல டிவி இருந்த வீடே ஒண்டு ரெண்டுதான்.”

எனக்குச் சரியான கோபம் வந்தது. அவன் இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னது தொலைக்காட்சி இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தி. அப்படியென்றால் அவன் பார்த்திருக்க முடியாது. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்ததில், அவன் முதல் தரம் சொன்னபோது பக்கிள் இருந்ததா இல்லையா என்று எனக்கே குழம்பிவிட்டது. இருந்ததென்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணச் சொன்னால் யோசிப்பேன்.

சிவநேசம் புதுக் கதை ஒன்று தந்தான். பெட்டி இல்லை, மீன் இல்லை. தனியாகப் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்தது. “சப்பெண்டு இருக்க வேணும். சப்பெண்டு இருந்தால்தான் நம்புவினம்,” என்றான். கனகசிங்கம் அதைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். நான் தேத்தண்ணி கொடுக்கப் போனபோது மெதுவாகக் கேட்டான்.

“அண்ணன், நான் உண்மையா பெல்ட்டாலதான் ஓட்டை போட்டனா? இல்ல, அந்த ஆள் போட்டதப் பாத்துப்போட்டு நானும் போட்டன் எண்டு நெனைக்கனா?”

“விசரோ உமக்கு?” என்றேன். தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பனி கொட்டியது. கனகசிங்கத்தின் வக்கீல் கேட்டுக்கொண்டபடியால் என்னையும் விசாரணை அறைக்குள் இருக்க விட்டார்கள், வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. விசாரிக்கிறவர் ஒரு பெண், கண்ணாடி போட்டவர். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைக்கார அம்மா. கனகசிங்கத்தைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தான்.

பஸ் கதையைச் சொன்னான். சிவநேசம் சொல்லிக்கொடுத்தபடி, ஒரு சொல் பிசகாமல்.

அந்தப் பெண் எழுதிவிட்டு நிமிர்ந்தார். சென்னை அம்மா மொழிபெயர்த்தார்: “மிலிட்டரி உங்கள பேர் சொல்லித் தேடினாங்கன்னு சொல்றீங்க. வழி நெடுக செக்பாயின்ட் இருந்துச்சுன்னும் சொல்றீங்க. அப்போ பஸ்ல எப்படிங்க வந்தீங்க? யாருமே பிடிக்கலையா?”

கனகசிங்கம் வக்கீலைத் திரும்பிப் பார்த்தான். சிவநேசம் அந்த நேரம் முன்னால் நின்றிருந்தால் நான் அவனுடைய கழுத்தைத் திருகியிருப்பேன். வக்கீல் கொஞ்சம் ஓய்வு கேட்டார்.

அறைக்கு வெளியே நடைகூடத்தில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டேன். “உம்மடை கதையைச் சொல்லுமன். நடந்ததைச் சொல்ல ஏன் பயப்பிடுறீர்?”

“அது டிவில வந்த கதை, அண்ணன்.”

“வரட்டும். பெட்டிக்குள்ளை கிடந்தது நீர்தானே? டிவிக்காரனோ?”

அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. கோபமா, பயமா, பரிதாபமா என்று சொல்ல முடியாது. “உள்ள வந்தா நீங்க எல்லாத்தையும் கேக்கணும்,” என்றான். கேட்டால் என்ன, நூறு தரம் கேட்ட கதைதானே என்று நினைத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் போனேன்.

இந்த முறை அவன் கையை ஆட்டவில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னான். லொறி, பெட்டி, ஐஸ், மரத்தூள். சோதனைச்சாவடி. பெல்ட், பக்கிள், ஓட்டை.

“அந்த ஓட்டை ஒரு வாய் அளவுதான்,” என்றான். “மாறி மாறி வாய வச்சம். நான் கொஞ்ச நேரம், யோகராசா கொஞ்ச நேரம். அவனுக்குத் தொய்வு வருத்தம், மூச்சு இழுக்கிறது, சின்னனில இருந்து. ஐஸ் குளிருக்கு இழுக்கத் தொடங்கிற்று. இருமினா வெளிய நிக்கிற ஆமிக்குக் கேக்கும் எண்டு சட்டையக் கடிச்சிக்கிட்டுக் கிடந்தான். எனக்கு முறை முடிஞ்சிது. ‘யோகு, இப்ப உன்ட முறைடா’ எண்டன். அவன் வரல்ல.”

சென்னை அம்மா பாதி வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். பிறகு மிச்சத்தையும் சொன்னார்.

“லொறிக்காரன் அவனக் கொண்டு போக ஏலாது எண்டுட்டான். மின்னேரியாக் காட்டுப் பக்கம் இறக்கினம். மண் வெட்ட ஒண்டும் இல்ல, தடியால கிண்டினம். பொறகு நான் திரும்ப அந்தப் பெட்டிக்குள்ளதான் படுத்தன்.” அவனே தொடர்ந்தான்: “இதே மாதிரி டிவிலயும் வந்தது. அதில ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க.”

விசாரிக்கிற பெண் எந்தத் தொலைக்காட்சித் தொடர் என்று கேட்டார். வக்கீல் விளங்கப்படுத்தினார். தனக்கு அப்படியொரு தொடரே தெரியாது என்றார் அவர்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எனக்கு அவனை அடிக்கவும் வேண்டும்போல, கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது. இத்தனை மாதமும் எங்களுக்கு வேடிக்கைக் கதை சொன்னானே, நாங்களும் சிரித்துக் கேட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

“ஏன் மறைச்சனீர்?”

“மனோகரிக்குத் தெரியா. மாமிக்கு, அவட அம்மாக்கு, நெஞ்சு வருத்தம். இங்க ஒராளுக்குச் சொன்னா அங்க ஊருக்கே போயிரும். ஜேர்மனில நிக்கான் எண்டு சொல்லி வச்சிருக்கன். அவ போன் எடுத்தா முதல் கேள்வியே தம்பியத்தான்.” கண்ணைத் துடைத்தான். “அவ வரட்டும், அண்ணன். நான் என்ட வாயால சொல்றன். அதுவரைக்கும் நீங்க சொல்லப்படாது.”

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிவநேசம், “பஸ் கதை வேலைசெய்ததோ?” என்று கேட்டான். “நல்லா வேலைசெய்தது,” என்றேன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாருக்கும் மூலையிலிருந்த டெப்பனர் கடையில் கோலா வாங்கிக் கொடுத்தான்.

கேஸ் சரிவந்தது. பிறகு ஸ்பொன்சர், கடவுச்சீட்டு, மருத்துவச் சோதனை என்று காலம் இழுபட்டது. அதற்கிடையில் மனோகரியின் தாய் இறந்துபோனார். ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகும் கனகசிங்கம் என்னுடைய முகத்தைப் பார்ப்பான். நான் கேட்கமாட்டேன். அவன் இன்னும் சொல்லவில்லை என்று தலையை மட்டும் ஆட்டுவான்.

மனோகரி வந்த அன்று, ஞானேந்திரன் வேலைசெய்த இடத்து வான் வண்டியில் நாங்கள் நான்கு பேரும் மிராபெல் விமான நிலையத்துக்குப் போனோம். கனகசிங்கம் புதுச் சேட் போட்டிருந்தான். வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். சந்தோஷப் புளுகத்தில் நாக்கு ஒட்டிப்போச்சு என்று சிவநேசம் பகிடி பண்ணினான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. மெல்லிய பெண், கையில் பெரிய பை, சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெற்றர். பிள்ளை அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. கனகசிங்கம் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினான். பையையும் வாங்கிக்கொண்டான். மனோகரி அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். பிறகு எங்கள் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தாள். என்னை, ஞானேந்திரனை, சிவநேசத்தை. எங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்றும் எட்டிப் பார்த்தாள்.

“தம்பி வரல்லியா?” என்றாள். “நான் வாறன் எண்டா ஜேர்மனில இருந்து எப்பிடியும் வந்து நிப்பான் எண்டு நெனச்சன்.”

“அவருக்கு அங்கை வேலையாக்கும், அக்கா,” என்றான் சிவநேசம். “நல்லா இருக்கிறாராம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

மனோகரி தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதும்போல இருந்தது. கனகசிங்கம் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை என்னிடம் தந்தான். பையை நிலத்தில் வைத்தான்.

“இல்ல, மனோ,” என்றான்.