ஆர்டித் தோற்பாள் என்றொரு பந்தயம்

நாற்பத்தாறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்த கொரின், காலணியை உதறிவிட்டுச் சமையலறை நாற்காலியில் சரிந்தாள்.

"இன்னிக்கு ஒன்பதே பேருதான் ஆர்டித்துக்கு ஓட்டுப் போடுறேன்னாங்க. போன வாரம் சரின்னவங்ககூட மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்துறாங்க. வெளிய மூச்சு விட்டுடாத, வென்டல்."

"நான் யார்கிட்டச் சொல்லப்போறேன்?" என்று புருஷன்காரன் அவள் தட்டில் மக்கரோனியை வைத்தான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லைதான், அது சத்தியம். கண்ணாடி ஆலை ஆட்குறைப்பில் அவன் வேலை போய் ஏழு மாதமாயிற்று. வீட்டில் கிடந்தவனுக்குப் போனில் தேர்தல் பந்தயம் பழக்கமாகிவிட்டது. வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்குப் போகும் ஒரே இடத்துக்குக் கட்சிக்குள்ளேயே பதினோரு பேர் முட்டிமோதினார்கள். அதில் ஒருத்தி ஓய்வுபெற்ற நர்ஸ் ஆர்டித் நோவாக். அவளுக்காக வீடு வீடாக ஆள் அனுப்புவதும் தானே போவதும் கொரினின் வேலை. பந்தயச் சந்தையில் ஆர்டித்தின் விலை இருபத்திரண்டு சென்ட். ஜெயித்தால் ஒரு டாலர், தோற்றால் ஒன்றுமில்லை. தோற்பாள் என்றும் கட்டலாம். கொரின் குளிக்கப் போன நேரத்தில், கையிலிருந்த அறுநூறு டாலரையும் வென்டல் அப்படித்தான் கட்டினான். நடக்கப்போவது எப்படியும் நடக்கும், நமக்கு நாலு காசு கிடைத்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று நினைத்தான், பாவி.

ஜனாதிபதி தேர்தலென்றால் அவன் பணம் கடலில் கரைத்த பெருங்காயம். இதுவோ ஒரு தொகுதிச் சந்தை, ஆடுகிறவர்களே சில டஜன் பேர். அவன் கட்டியதுமே ஆர்டித்தின் விலை சடசடவென்று பதினொன்றுக்கு இறங்கியது. எவனுக்கோ உள்விஷயம் தெரிந்திருக்கிறது என்று மற்றவர்களும் பாய்ந்தார்கள். விடிந்தபோது ஏழு. 'ஆர்டித் சரிவு' என்று உள்ளூர்ச் செய்தித்தளம் எழுதியது. நன்கொடை தருவதாகச் சொன்னவர்கள் போனையே எடுக்கவில்லை. டிவி விளம்பரம் நின்றுபோயிற்று.

மூன்றாம் நாள் கொரின் சாப்பிட உட்காரவே இல்லை.

"எங்க ஆபீஸ்லருந்துதான் எவனோ வாய விட்டிருக்கான். கிளென வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

"கிளெனா? முப்பது வருஷமா தேர்தல் வேல பாத்தவனாச்சே!"

"நான்தான் அவன் பேரச் சொன்னேன். எப்பப் பாத்தாலும் போன நோண்டிக்கிட்டே இருப்பான்ல? அழுதுட்டான், வென்டல். அந்த ஆளு என் முன்னால நின்னு அழுதான்."

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அவனுக்கும் தெரிந்தது. ஆனாலும், "கொஞ்சமாவது சாப்பிடு கண்ணு," என்றான்.

வாக்குப்பதிவன்று அவன் ஆர்டித்துக்கே ஓட்டுப் போட்டான். உண்டியலை உடைத்தவனே அதில் ஒரு ரூபாய் போட்டுக் கும்பிட்டது போல. ஆர்டித் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள்.

மறுநாள் தூறலில் இருவரும் தெருத் தெருவாகப் போய், புல்தரைகளில் நட்டிருந்த ஆர்டித்தின் பெயர்ப்பலகைகளைப் பிடுங்கினார்கள்.

"இருநூத்திப் பன்னெண்டு," என்றாள் கொரின். "ஒரே ஒரு வாரம் விளம்பரம் போயிருந்தா வந்திருப்பா. கதவு கதவாத் தட்டி என்ன புண்ணியம், சொல்லு!"

அவன் கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது.

"எடுத்துப் பாரேன். வேலைக்குக் கூப்பிடுறாங்களோ என்னவோ."

"கையெல்லாம் சேறு. அப்புறம் பாத்துக்கலாம், விடு."

"இரு, நான் எடுக்குறேன்." அவன் விலகுவதற்குள் பைக்குள் கையை விட்டுவிட்டாள். திரையில் விழுந்த மழைத்துளியைச் சட்டைக்கையால் துடைத்துத் துடைத்துப் படித்தாள். ஆர்டித் தோற்பாள் என்று கட்டியதற்கு நூற்றுப் பதினான்கு டாலர் லாபம்.

போனைத் திருப்பி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"என்னிக்குக் கட்டுன?"

வென்டல் பிடுங்கிய பலகையை மறுபடி அதே குழியில் செருகப் பார்த்தான். ஈர மண்ணில் அது நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுந்தது.