அச்சேறாத வாதம்

மயிலாப்பூரில் வக்கீல்களுக்கா பஞ்சம்? மாட வீதியில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் ஒரு வக்கீலின் அங்கவஸ்திரம் சிக்கும். ஆனால் முப்பத்தொன்றாம் வருஷம் அபயாம்பாளின் வழக்கை எடுத்துக்கொள்ள அத்தனை பேரில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. எதிராளி சந்திரமௌலி. பெரிய வக்கீல். அடுத்த நீதிபதி அவர்தான் என்று லஸ் முனையில் பேச்சு. அவளுடைய கணவரும் அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தூரத்து உறவு, நாதியில்லாதவள் என்று சொல்லிக் கோமளா என்பவளை வீட்டுக்கு அழைத்து வந்தார் சந்திரமௌலி. நாதியில்லாதவளுக்கு மாடியறை கிடைத்தது. அபயாம்பாள் சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு இறங்கினாள். பிறகு அங்கேயும் இருக்கப் பிடிக்காமல் மந்தைவெளியில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஐயா ஒரு தடவை கூட எட்டிப் பார்க்கவில்லை. நீதிபதி நாற்காலி கண்ணில் தெரிந்த பிறகுதான், பெண்டாட்டி வேறு வீட்டில் இருப்பது தன் பெயருக்குக் களங்கம் என்று தோன்றியது. மனைவியைத் தன்னோடு வந்து வாழச் சொல்லி உத்தரவிட வேண்டும் என்று வழக்குப் போட்டுவிட்டார். அவர் ஜெயித்தால் அவள் அந்த வீட்டுக்கே திரும்ப வேண்டும். அதற்குக் குளத்தில் விழலாம் என்று வேறு பெண் யாராவது சொல்லியிருப்பாள். குளத்தில் விழ வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்பது அபயாம்பாளின் கட்சி.

கடைசியில் வேம்பு என்ற இளம் வக்கீல் வழக்கை எடுத்துக்கொண்டான். தைரியத்தால் அல்ல, வேறு வழக்கே இல்லாததால்.

"செங்கமலம்னு ஒருத்தி. அவளுக்கும் இதே கதிதான், இதே மாதிரி கேஸ்தான். அப்பீல்ல அவளுக்காக வாதாடி ஜெயிச்சுக் கொடுத்ததே எங்காத்துக்காரர்தான். தீர்ப்பைத் தேடி எடு" என்றாள் அபயாம்பாள்.

வேம்பு ஒரு வாரம் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டிவிட்டு வந்தான். "எந்த ரிப்போர்ட்லயும் இல்லை மாமி. ரிப்போர்ட்ல இல்லேன்னா அப்படி ஒரு கேஸே இல்லைன்னுதான் அர்த்தம்."

"நான் பொறந்தது எந்த ரிப்போர்ட்ல இருக்கு? அப்போ நானும் இல்லையா?"



நடந்தது இதுதான். அந்த அப்பீலில் தோற்ற வக்கீலே அப்போது தீர்ப்புகளை அச்சிடும் சட்டப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். தன் தோல்வியைத் தானே அச்சுப் போடுவானா மனுஷன்? விட்டுவிட்டான். சந்திரமௌலிக்கு அது ஆறாத புண். ஒரு மாதம் மாடியில் அபயாம்பாளை உட்கார வைத்து அந்த வாதத்தை ஒப்பித்துக் காட்டியவர் அவர். அதற்காகவே அவளுக்கு அதன் இங்கிலீஷை வரி வரியாக விளக்கியவர். அது அச்சாகவில்லை என்று தெரிந்ததும் சாப்பிடாமல் கிடந்தார். பெண்டாட்டி செத்திருந்தால்கூட ஒரு வேளைப் பட்டினியோடு நிறுத்தியிருப்பார்.

அச்சில் இல்லாவிட்டால் என்ன, கோர்ட்டில் மூலம் இருக்குமே! வேம்பு மனுப் போட்டுப் பழைய கட்டுகளைப் பார்வையிட அனுமதி வாங்கினான். அபயாம்பாள் தானும் வருவேன் என்று டிராமில் ஏறி உட்கார்ந்தாள். மடிசாரோடு ஒரு பெண்பிள்ளை ரிக்கார்டு அறைக்குள் நுழைந்ததைப் பார்த்த குமாஸ்தாக்களுக்கு வேலை ஓடவில்லை. வேம்பு கூச்சத்தில் நெளிந்தான்.

"நம்பர் இன்னாம்மா?" என்றார் ரிக்கார்டுகளைக் காக்கும் தணிகாசலம். "நம்பர் இல்லாம இன்னாத்த தேடறது? பேப்பரு மலையாட்டம் குமிஞ்சி கீது."

"மலையைக் காட்டுங்கோ. நானே ஏறிக்கறேன்."

செங்கமலம் என்ற பெயரில் அட்டவணையில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் சங்கதி விளங்கிற்று. அதை எழுதிய புண்ணியவான் அவளை இன்னாரின் மனைவி என்று புருஷன் பெயரில் சேர்த்துவிட்டிருந்தான். எவனை விட்டு ஓடி வந்தாளோ அவன் பெயருக்குள்ளேயே அவளைப் பூட்டி வைத்திருக்கிறான், தூ!

தணிகாசலம் கட்டை இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தார். உள்ளே சின்னத் தீர்ப்பு ஒன்று. அதோடு சந்திரமௌலி கையெழுத்துப் போட்ட நீளமான அப்பீல் மனு. இரண்டுக்கும் நகல் வாங்கிக்கொண்டு வெளியே வந்த வேம்புவின் முகம் வாடிப்போயிருந்தது.

"மாமி, தீர்ப்புல செங்கமலத்தைப் புருஷன் அடிச்சதா ஒரு வரி இருக்கு. உங்களை யாரும் அடிக்கலை. அது வேற, இது வேறன்னுடுவா. அடிக்காட்டாலும் பொருந்தும்னு மாமா மனுவுலதான் இருக்கு. மனு தீர்ப்பாகாதே?"

அபயாம்பாள் டிராம் வரும்வரை யோசித்தாள். "அந்த மனுவைக் கோர்ட்ல வாசி. தப்புத் தப்பா வாசி."

"தப்பாவா?"

"அவரோட பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். சொன்னதைச் செய்."

விசாரணையன்று சந்திரமௌலி சரிகைத் தலைப்பாகையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேம்பு பயந்தபடியே, அங்கே அடி விழுந்தது, இங்கே விழவில்லை என்று அவருடைய வக்கீல் இரண்டே வார்த்தையில் தீர்ப்பை ஒதுக்கிவிட்டார். வேம்பு எழுந்து மனுவை வாசித்தான். தப்பாக வாசிக்க அவனுக்குப் பயிற்சியா வேண்டும்! முழுங்கினான், திக்கினான், நாலாவது காரணத்தை விட்டுவிட்டு ஆறாவதுக்குத் தாவினான்.

சந்திரமௌலி முதலில் புருவத்தைச் சுளித்தார். பிறகு சூள் கொட்டினார். மனுவின் உச்சமான வரியை வேம்பு கடித்துத் துப்பியபோது துள்ளி எழுந்துவிட்டார்.

"அட அபிஷ்டு, கொலை பண்றானே!" என்று தமிழில் கத்தியவர், நீதிபதியின் பக்கம் திரும்பி இங்கிலீஷில் இறங்கினார். "அடி விழுந்ததா என்பது கேள்வியே அல்ல, பிரபு! ஒரு பெண்ணை அவள் வீட்டிலேயே விருந்தாளியாக நிற்க வைப்பதும் அடிதான்!"

அவருடைய வக்கீல் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். சந்திரமௌலி அதை உதறினார். பத்துப் பதினைந்து வருஷமாக உள்ளே புழுங்கிக் கிடந்த வாதம் அல்லவா, நிற்குமா? கை உயர்ந்தது, குரல் உயர்ந்தது. மாடியில் கேட்ட அதே ஏற்ற இறக்கம் என்று அபயாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

"அடி விழாவிட்டாலும் இது பொருந்தும் என்கிறீர்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"பொருந்தாமல்? இதன் உயிரே அதுதானே! அன்று மேல் கோர்ட்டில் இரண்டு நீதிபதிகளும் இதை முழு மனதாக ஒப்புக்கொண்டார்கள்."

"அப்படியா? நன்றி" என்று சொல்லிவிட்டு நீதிபதி எழுதிக்கொண்டார். மத்தியானத்துக்குள் சந்திரமௌலியின் வழக்குத் தள்ளுபடி.

வராந்தாவில் வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் பூரிப்பாக அவளை நோக்கி வந்தார் சந்திரமௌலி.

"எப்படி இருந்தது அபயம்? அன்னிக்கு வந்தா மாதிரியே வந்துதோன்னோ?"

அவரைத் திட்டுவதற்கென்று இரண்டு வருஷமாக அவள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். இந்த ஆளிடம் அதையெல்லாம் செலவழிப்பது வீண் என்று இப்போது தோன்றியது. இவருக்குப் போய் பயந்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ரொம்ப நன்னா இருந்தது. உங்ககிட்டேர்ந்து என்னை மீட்டுக் கொடுக்க, உங்களை விட்டா மயிலாப்பூர்ல வேற வக்கீல் ஏது?"

சந்திரமௌலி பெருமையாகச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றார். தன் வக்கீலைத் தேடித் திரும்பிப் பார்த்தார். அந்த வக்கீல் எப்போதோ காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அபயாம்பாள் மந்தைவெளிக்குப் போக டிராம் பிடிக்க நடந்தாள்.